மாடியில் மலை, மானிட்டரில் சாமி

டிவி என்பது ஒரே பொருள் இல்லை. சிக்னலைப் பிடிக்கும் ட்யூனர், திரை, ஸ்பீக்கர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் குடியிருந்த கூட்டுக்குடும்பம் அது. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த 14 அங்குலப் பெட்டியும் அப்படித்தான். 2017இல் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியதும் ட்யூனரின் வேலை பெட்டிக்கு வெளியே போய்விட்டது. அப்புறம் திரை எதுவாக இருந்தால் என்ன?

திருவண்ணாமலையில் பழைய கம்ப்யூட்டர் மானிட்டரே டிவியாக ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்கள். மானிட்டரில் இருப்பதோ விஜிஏ. நடுவே ஒரு சின்ன கன்வெர்ட்டர். சத்தத்துக்குத் தனி ஸ்பீக்கர்.

சிக்கல் வடிவத்தில்தான். 16:9 என்பது 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் முன்வைத்த அளவு. வெவ்வேறு சினிமாச் சட்டகங்களுக்குப் பொதுவாக அமைந்தது. பாக்ஸ் தரும் 4:3 படத்தை அதில் இழுத்து நிரப்பினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 2,668 அடி மலை சப்பையாகிவிடும். மாடி ஏறினால் நிஜ மலை நிமிர்ந்து நிற்கிறதே, அப்புறம் எதற்கு இந்தத் திரை?

கார்த்திகை தீபத்தன்று மாலை அர்த்தநாரீஸ்வரர் கோயில் கொடிமரத்தருகே வந்து சில நிமிஷமே காட்சி தருவார். அப்போதுதான் மலையுச்சியில் தீபம் எரியும். உள்ளே நிற்க இடம் கிடைப்பது கொஞ்சப் பேருக்குத்தான். 2020இல் கொரோனாவால் கிரிவலமும் இல்லை. மலை ஊருக்கே தெரியும். சாமியைப் பார்க்க, ஊர்க்காரருக்கும் திரைதான் வழி.