ஏரி நாட்டுக்குச் சாலை வந்த கதை

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பிரியாவின் மலைகளுக்கு இடையே அமைந்த ஏரி நாட்டை அந்நாட்டார் லேக் டிஸ்ட்ரிக்ட் என்கிறார்கள். பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கி உருவான ஏரிகள் இவை. மிகப் பெரியதான விண்டர்மியரின் நீளம் சுமார் 17 கிலோமீட்டர். இங்கிலாந்தின் மிக உயரமான சிகரமான ஸ்காஃபெல் பைக்கும் (978 மீட்டர்) இங்கேதான் உள்ளது. இன்று திருமண நாளைக் கொண்டாடும் தம்பதியர் காரை எடுத்துக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்றிவரும் பகுதி இது. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் வேலையில்லாமல் இந்தப் பக்கம் வந்தவர்கள் அரிது.

1720களில் பிரிட்டன் முழுவதும் சுற்றி எழுதிய எழுத்தாளர் டேனியல் டிஃபோவுக்கு இப்பகுதியின் வெஸ்ட்மர்லாந்து மலைகள் விளைச்சலற்ற, அச்சமூட்டும் நிலமாகவே தெரிந்தன. அந்நாளில் கெண்டல் ஊரின் கம்பளித் துணியைப் பொதி குதிரைகள் மலைத்தடங்களில் சுமந்துசென்றன. தெற்கிலிருந்து வருவோர் மோர்கம் விரிகுடாவில் கடல் வற்றும் நேரம் பார்த்து, வழிகாட்டியின் துணையுடன் ஈர மணலைக் கடந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நாடாளுமன்றச் சட்டங்களின்படி சுங்கச்சாவடிச் சாலைகள் பரவின. வண்டிகளிடம் வாங்கிய சுங்கம் சாலைப் பராமரிப்புக்குப் போனது. சத்திரத்துக்குச் சத்திரம் குதிரை மாற்றிக்கொண்டு வாடகை வண்டியில் போவது அப்போதுதான் சாத்தியமாயிற்று.

சாலைக்குப் பின்னே எழுத்து வந்தது. கவிஞர் தாமஸ் கிரே 1769இல் இங்கே பயணம் செய்து எழுதிய குறிப்புகள், அவர் மறைந்த பின் 1775இல் அச்சாயின. 1778இல் தாமஸ் வெஸ்ட் வெளியிட்ட வழிகாட்டி நூல், எந்த ஏரியை எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுத்தது. பயணிகள் அந்த இடங்களில் ஏரிக்கு முதுகு காட்டி நின்று, கருஞ்சாயம் பூசிய சிறு குவியாடியில் காட்சியைப் பார்த்தார்கள். ஓவியர் குளோது லொரேன் பெயரால் அறியப்பட்ட அந்த ஆடி, இயற்கையை அவருடைய ஓவியம்போலக் காட்டியது. விண்டர்மியரின் மேற்குக் கரையில் 1790களில் எழுந்த கிளேஃப் மாளிகையின் சன்னல்களில், ஒவ்வொரு பருவத்தின் ஒளியையும் நினைவூட்ட வண்ணக் கண்ணாடிகள் பதிக்கப்பட்டன. 1793இல் பிரான்சுடன் போர் மூண்டு ஐரோப்பாவுக்குப் போகும் வழி அடைபட்டபோது, வசதி படைத்தவர்கள் ஏரி நாட்டின் பக்கம் திரும்பினர். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் கார்டினர் தம்பதியர் சகோதரி மகள் எலிசபெத்துடன் ஏரிப் பயணம் போகத் திட்டமிடுவது அக்கால நாகரிகத்தின் சுவடு.

அன்றைய பயணத்தில் தம்பதியருக்குத் தனிமை கிடைப்பது அரிது. புதுமணத் தம்பதியர் உறவினர் வீடுகளுக்குப் பயணம் போகும்போது மணமகளின் சகோதரியோ தோழியோ உடன் செல்வதுண்டு. 1802 அக்டோபர் 4 அன்று யார்க்ஷயரில் மேரி ஹட்சின்சனை மணந்த கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வர்த், அன்றே மனைவியோடும் தங்கை டாரதியோடும் வண்டியேறி, இரண்டு நாள் கழித்து கிராஸ்மியர் வீட்டுக்குத் திரும்பினார். பின்னாளில் அவர் எழுதிய ஏரி வழிகாட்டி பல பதிப்புகள் கண்டது. கண்ணும் மனமும் உள்ள எல்லோருக்கும் உரிய தேசச் சொத்தாக இப்பகுதியை அது கருதியது.

ஆனால் எல்லோரும் வரத் தொடங்கியபோது எதிர்த்தவரும் அவரே. கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் பாதை போடும் திட்டத்துக்கு எதிராக 1844இல் கவிதையும் செய்தித்தாள் கடிதங்களும் எழுதினார். 1847இல் ரயில் ஓடியது. அது வந்து நின்ற பெர்த்வெயிட் கிராமம் ஏரியின் பெயரையே ஏற்று ஊராக வளர்ந்தது. லங்காஷயர் ஆலை நகரங்களின் தொழிலாளர்கள் ஒருநாள் விடுமுறைக்கு வந்து திரும்பினர். விண்டர்மியரில் 1845 முதலும், கானிஸ்டன் ஏரியில் ‘கொண்டோலா’ என்ற பெயரில் 1859 முதலும் நீராவிப் படகுகள் ஓடின.

அடுத்த போராட்டம் தண்ணீரைப் பற்றியது. மான்செஸ்டர் நகரத்தின் குடிநீருக்காகத் திர்ல்மியர் ஏரியை அணை கட்டி உயர்த்த 1879இல் சட்டம் நிறைவேறியது. 1894இல் நீர் நகரத்தை அடைந்தது. பழைய கரைகளும் அவற்றிலிருந்த குடியிருப்புகளும் மூழ்கின. இத்தகைய போராட்டங்களில் முன்நின்ற பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர் ஆகியோருடன் சேர்ந்து 1895இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பை நிறுவினார். 1943இல் மறைந்த எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் தம் பண்ணைகளையும் 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் அந்த அமைப்புக்கே விட்டுச் சென்றார்.

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி வந்து பயணத்தின் இயல்பை மாற்றியது. முன்பு 454 மீட்டர் உயரமுள்ள கிர்க்ஸ்டோன் கணவாயில் குதிரைகளின் சுமையைக் குறைக்கப் பயணிகள் இறங்கி நடப்பது வழக்கம். இப்போது இன்ஜின் அந்தச் சுமையை ஏற்றது. ரோமானியர் கோட்டை கட்டிய ஹார்ட்நாட் கணவாய், மூன்றடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தான பாதை. இரண்டாம் உலகப் போரில் ராணுவ வண்டிகளின் பயிற்சியால் சிதைந்த அது, போருக்குப் பின் தாரிடப்பட்டது. வண்டிக்காரனும் ரயில் நேரமும் இல்லாமல், நினைத்த கரையில் நின்று நினைத்தபோது கிளம்பும் இருவர் பயணம் இந்தச் சாலைகளில்தான் சாதாரண வழக்கமாயிற்று.

1951இல் ஏரி நாடு தேசியப் பூங்காவானது. 1970இல் எம்6 நெடுஞ்சாலை அதன் கிழக்கு ஓரமாகத் திறக்கப்பட்டு, தொழில் நகரங்களைச் சில மணி நேரத் தொலைவுக்குக் கொண்டுவந்தது. 2017இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இயற்கையோடு ஆட்டுப் பண்ணைகளும் கல் வேலிகளும் சேர்ந்து உருவாக்கிய நிலமாகவே மதிப்பிட்டது. பள்ளத்தாக்குகளின் கிளைச்சாலைகள் பல இன்றும் அந்தக் கல் வேலிகளுக்கு இடையே ஒற்றைத் தடமாகவே செல்கின்றன. எதிரே வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கி நின்று மற்றதற்கு வழி விட வேண்டும்.