சூளை வளவில், ஓடு அரண்மனையில்

எமது மாணவரிடம் போறணை என்றால் பாண் வாசனைதான் அவர்களின் நினைவுக்கு வரும். 'ஃபோர்னோ' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்த இச்சொல்லைச் சிங்களக் குயவரும் 'போறணுவ' எனத் தம் சூளைக்கு வழங்குகின்றனர். சொல்தான் பிந்தி வந்தது. சூளை அதற்கு மிக முந்தியது.

குயவரின் சூளை வீட்டு வளவிலேயே இருக்கும். செங்கல்லை, களிமண்ணும் மணலும் குழைத்த சாந்தால் கட்டுவர். சீமெந்து இதற்கு உதவாது, நெருப்பில் உதிர்ந்துவிடும். கீழே விறகு வைக்கும் வாய். அதன்மேல் இடைவெளி விட்டு அடுக்கிய கற்களாலான தட்டு. தட்டின்மேல் சட்டி பானைகளை அடுக்கி, உடைந்த ஓட்டுத் துண்டுகளாலும் வைக்கோலாலும் மூடுவர். வெப்பம் கீழிருந்து கலங்களினூடே மேலேறும். முதலில் சிறு நெருப்பே மூட்ட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கலத்தை வெடிக்க வைத்துவிடும். மண்ணோடு இரசாயன முறையில் கட்டுண்ட நீர் ஏறத்தாழ 500 பாகை செல்சியசில்தான் பிரியத் தொடங்குகிறது. அது முற்றாக நீங்கிய மண் மீண்டும் நீரில் கரையாது. 700 முதல் 900 பாகைக்குள் மண்சட்டி வெந்துவிடும். வெப்பமானி ஏது? உள்ளே தெரியும் செந்நிறமே அளவு.

கண்டிக்குத் தென்மேற்கே, உடுநுவரையில், 1344இல் எழுந்த லங்காதிலக விகாரை செங்கல்லால் ஆனது. அதன் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் உண்டு. அத்தனை செங்கல்லைச் சுட எத்தனை மரம் வெட்டப்பட்டிருக்கும் என எண்ணினால் மலைப்பாக இருக்கிறது. அதே உடுநுவரையின் எலதத்தவில் பிற்காலத்தில் குடியிருந்தவர், 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பிய ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ். குடிமக்கள் ஒரு மாடிக்கு மேல் வீடு கட்டவோ, ஓடு வேயவோ, சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதி இல்லை என்று 1681இல் வெளியான தம் நூலில் அவர் எழுதியுள்ளார். ஆக, ஓட்டைச் சுட்டவனே ஓட்டுக் கூரையின் கீழ் உறங்க முடியாது. விகாரைக்கும் அரண்மனைக்கும் போன ஓடு அவன் வளவைத் தாண்டித்தான் போனது.

எமது மூதாதையர் 'மடிகே பத்த' பிரிவில் தவளம் மாடுகளில் பொதி சுமந்து அரசுக்கு ஊழியம் செய்ததை வாசகர் அறிவர். குயவரின் நிலையும் இதுவே. காணியை அனுபவித்தவர், அதற்கு ஈடாக ஓடும் பானையும் கொடுக்க வேண்டும். இந்த இராஜகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது என்று பாடநூல்கள் கதையை முடித்துவிடுகின்றன. இது அரை உண்மை. ஒழிந்தது அரசுக்கான ஊழியம் மட்டுமே. விகாரை, தேவாலைக் காணிகளுக்கான ஊழியம் தொடர்ந்தது. அதைப் பணமாகச் செலுத்தித் தீர்க்க வழி திறந்தது 1870ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்தான். ஆனந்த குமாரசுவாமி 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை வெளியிட்டபோது, ஓவியத்தோடும் சிற்பத்தோடும் மட்பாண்டத்தையும் சேர்த்துக்கொண்டார். குயவரைக் கலைஞர் வரிசையில் வைத்த இச்செயலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1815இல் கண்டி அரசு வீழ்ந்தது. ஓட்டுக்கான தடையும் காலப்போக்கில் வழக்கொழிந்தது. ஆனால் 1865இல் மங்களூரில் பாஸல் மிஷன் ஓட்டாலையைத் தொடங்கிவிட்டது. அச்சில் வார்த்த அந்தத் தட்டை ஓடு கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. எவரும் ஓடு வேயலாம் என்ற காலம் வந்தபோது ஓட்டை ஆலைகள் செய்தன. வளவுச் சூளைக்கு எஞ்சியவை சட்டியும் பானையும் குடமும்தாம்.