பாடநூலில் உள்ள மென்பொருள் யாருக்குத் திறக்கிறது? கணிதக் கல்வியும் சட்ட உரிமையும்

சிவகங்கை மாவட்டத்து நாட்டரசன்கோட்டை, கம்பர் சமாதிக்கும் கண்ணாத்தாள் கோயிலுக்கும் பெயர்பெற்றது. நகரத்தார் ஊர்களுள் ஒன்று. பர்மா, மலாயா, இலங்கை வரை வட்டித் தொழில் நடத்திய அச்சமூகத்தில் கணக்கறிவு தலைமுறைதோறும் கைமாறிய குலச்சொத்து. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு அத்திண்ணைகள் பெரும்பாலும் எட்டாதவையாகவே இருந்தன. உழைத்தவர் ஒருவர், கூலியை அளந்தவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டில், கணக்கு மறுக்கப்பட்டவருக்குத் தம் கூலியைச் சரிபார்க்கும் ஆற்றலும் மறுக்கப்பட்டது. கணிதம் கணினித் திரைக்கு வந்துவிட்ட இக்காலத்தில், அந்தத் திரை யாருக்கு எட்டும் என்பதையும் இவ்வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாடநூலில் இருப்பது என்ன?

2018-19 கல்வியாண்டு முதல் தமிழ்நாடு அரசு படிப்படியாக வெளியிட்ட புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. கணித நூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதி உண்டு. அங்கு தரப்படும் உரலிகள் பல ‘ஜியோஜீப்ரா’ பணித்தாள்களுக்கு இட்டுச்செல்கின்றன. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் தொடங்கிய மென்பொருள் இது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசமானது.

நேர்க்கோட்டின் சாய்வைத் திரையிலுள்ள நழுவலால் மாற்றினால் கோடு உடனே சாய்வதைக் காணலாம். வட்டத்தின் நாணை நகர்த்தி, எந்த அளவு மாறுகிறது, எது மாறவில்லை என்று சோதிக்கலாம். கரும்பலகையில் ஒருமுறை வரைந்து அழிக்கப்படும் படத்தை மாணவர் நூறுமுறை மாற்றிப் பார்க்க முடிகிறது. வகுப்பில் ஐயம் கேட்டால் சாதியைச் சுட்டி இழிவுபடுத்துவார்களோ என்று அஞ்சி வாய்மூடியிருக்கும் பிள்ளைக்கு, எவர் ஏச்சுமின்றித் தவறு செய்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இது. ஆயினும் மென்பொருள் ஆசிரியருக்கு மாற்றன்று. கணித ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு கணினியைக் காட்டுவதை ஏற்க இயலாது. கணக்கைப் படமெடுத்தால் விடை தரும் செயலிகளும், வழிமுறையைப் புரியவைக்க ஆளில்லாதபோது விடையைப் பார்த்தெழுதவே பயன்படும்.

சட்டம் தரும் பிடிமானம்

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் பிரிவு 8(ஈ) பள்ளிக் கட்டடம், ஆசிரியர் ஆகியவற்றோடு கற்றல் கருவிகளையும் வழங்கும் கடமையை அரசின் மீது சுமத்துகிறது. தொடக்கக் கல்வியை முடிப்பதற்குத் தடையாகும் எச்செலவையும் பிள்ளை ஏற்க வேண்டியதில்லை என்கிறது பிரிவு 3(2). பாடநூலின் ஒரு பகுதியைப் பயன்படுத்தத் திறன்பேசியும் இணையக் கட்டணமும் தேவையென்றால், அச்செலவு பெற்றோர் தலையில் விழக்கூடாது என்பதே இவற்றிலிருந்து நாம் முன்வைக்க வேண்டிய வாதம்.

இச்சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அரசமைப்பின் 21, 46ஆம் உறுப்புகளை நாட வேண்டும். பகீமா ஷிரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், இணைய அணுக்கத்தைக் கல்வி உரிமையின் பகுதியாக ஏற்றது. தனியார் பள்ளிகளில் பயிலும் ஏழை மாணவர்களுக்குக் கருவியும் இணையமும் வழங்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பரில் ஆணையிட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எனவே அத்தீர்ப்பை எடுத்துக்காட்டுவோர் தடை ஆணையையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

மற்றொரு கவனம்: ஜியோஜீப்ராவை 2021 டிசம்பரில் பைஜூஸ் நிறுவனம் வாங்கியது, 2024 ஜூலையில் பைஜூஸ் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. பொதுப் பாடநூலின் ஒரு பகுதி தனியார் நிறுவனத்தின் நிலையைச் சார்ந்திருக்கலாகாது. ஜியோஜீப்ராவைக் கணினியில் நிறுவி இணையமின்றியும் இயக்கலாம் என்பதால், பணித்தாள்களைப் பதிவிறக்கிப் பள்ளி ஆய்வகத்திலேயே வைக்கக் கோருவது நடைமுறைக்கு உகந்தது.

செய்ய வேண்டியவை

தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(1)இன் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு அளிக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமில்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். கேட்க வேண்டியவை: பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இயங்கும் கணினிகள் எத்தனை, கணிதப் பாடவேளைக்கு ஆய்வகம் திறக்கப்பட்ட நாள்கள் எவை, கணித ஆசிரியர் பணியிடம் எத்தனை நாளாகக் காலி.

கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 21, பள்ளி மேலாண்மைக் குழுவில் பட்டியல் சாதிப் பெற்றோர் உள்ளிட்ட நலிந்த பிரிவினருக்கு விகிதாசார இடம் தருகிறது. நாட்டரசன்கோட்டை உட்பட எவ்வூரிலும் நம் பெற்றோர் அக்குழுவில் அமர்ந்து, ஆய்வகம் வாரத்தில் எந்தெந்த நாள் கணிதத்துக்குத் திறக்கும் என்பதைத் தீர்மானமாக எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். தீர்மானம் மீறப்பட்டால், அந்தப் பக்கத்தின் நகலும் தகவல் உரிமைப் பதிலுமே நீதிமன்றத்தில் முதல் சான்றாகும்.