பெருந்தொற்றும் மதுரையின் பணியிடங்களும்

கோவிட்-19 பெருந்தொற்று மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த வைகைச் சமவெளி ஊர்களிலும் வேலை நடக்கும் இடங்களின் அமைப்பையும் பழக்கத்தையும் மாற்றியது. மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. கணினியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடிந்தவர்களின் அலுவலகம் ஓரிரு வாரங்களில் இடம் மாறியது. போக முடியாதவர்களான கடை ஊழியர், சந்தைத் தொழிலாளர், வழக்கறிஞரின் குமாஸ்தா ஆகியோரின் பணியிடம் தாமதமாகவும் குறைவாகவும், பெரும்பாலும் அரசாணையோ சட்டமோ வற்புறுத்திய அளவிலும் மட்டுமே மாறியது. இந்த வேறுபாட்டைக் கொண்டு பார்த்தால்தான் 2020க்குப் பிந்தைய மதுரையின் அலுவலக வரலாறு விளங்கும்.

காற்றுக்கான கணக்கு

மதுரையின் பழைய அலுவலகங்கள் காற்றோட்டத்தை நம்பியவை. 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் ஓரளவு சீரமைக்கப்பட்டு, பின்னர் 1970 வரை நீதிமன்றமாகப் பயன்பட்டது. உயர்ந்த கூரை, தடித்த சுவர், திறந்த முற்றம் ஆகியவை வெயிலுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள். ஆனால் ஒரே இடத்தில் பலர் மூச்சுவிடும்போது அவையே நோய்த்தடுப்பாகவும் அமைந்தன.

1918ஆம் ஆண்டின் இன்ஃப்ளுயன்சா கொள்ளைநோயில் இந்தியாவில் 1 கோடிக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அத்தனை சாவுக்குப் பிறகு 1922இல் வந்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வார வேலை நேரத்தை 60 மணியாகக் குறைத்தது. அதற்கு உடனடிக் காரணம் நோய் அல்ல. 1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு. கொள்ளைநோய் வந்தால் பணியிடம் தானாகத் திருந்திவிடும் என்ற எண்ணத்துக்கு இந்த வரலாறு ஆதரவு தருவதில்லை.

காற்றுக்கு எண் வைத்துப் பேசியது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். புதிய ஆலைகளில் ஒரு தொழிலாளிக்கு 500 கன அடி இடம் வேண்டும் என்றது அதன் 16ஆம் பிரிவு. இன்றைய அளவில் 14.2 கன மீட்டர். தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேலுள்ள வெளியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றிருந்தது. அவ்வளவு உயரமுள்ள கூடத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ 3.4 சதுர மீட்டர் தரை கிடைக்கும். 2020இல் சொல்லப்பட்ட 2 மீட்டர் இடைவெளியைக் கட்டம் போட்டுப் பிரித்தால் ஒருவருக்கு 4 சதுர மீட்டர். இரண்டும் நெருங்கிய எண்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலைகளுக்கானது. ஹார்வி மில் என்று மதுரை மக்கள் அழைத்த மதுரா கோட்ஸ் ஆலைக்குப் பொருந்தியது, மாசி வீதியின் ஜவுளிக்கடைக்குப் பொருந்தவில்லை.

1990களுக்குப் பின் வந்த அலுவலகங்களிலும் பெரிய கடைகளிலும் கண்ணாடி முகப்பும் குளிர்சாதன வசதியும் இயல்பாயின. பரவலாகப் பயன்படும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுழற்றுகிறது. நோய் காற்றில் பரவும்போது இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு வேறில்லை. மத்தியப் பொதுப்பணித் துறை 2020 ஏப்ரலில் அளித்த அறிவுரையில், அறை வெப்பம் 24 முதல் 30 டிகிரி வரையும் ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு வரையும் இருக்க வேண்டும் என்றும், இயன்றவரை வெளிக்காற்று வர வேண்டும் என்றும் கூறப்பட்டது. சித்திரை வெயில் 40 டிகிரியை எட்டும் மதுரையில் சன்னலைத் திறந்து வைப்பது சொல்வதைப் போல எளிதன்று. சன்னலே இல்லாத கட்டடங்களில் அதற்கும் வழியில்லை.

2020: பூட்டப்பட்ட நகரம்

தமிழகத்தின் முதல் கோவிட் மரணம் 2020 மார்ச் 25 அதிகாலை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய நாளும் அதுவே. அந்த ஆண்டு சித்திரைத் திருவிழா நடைபெறவில்லை. மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இன்றி நடந்து, இணையத்தில் ஒளிபரப்பானது. கள்ளழகர் வைகையில் இறங்கும் நிகழ்ச்சி 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆற்றில் நடக்கவில்லை. திருவிழாவை நம்பிய பந்தல்காரர், பூ வியாபாரி, சாலையோரக் கடைக்காரர் ஆகியோருக்கு இது வழிபாட்டு இழப்பு மட்டுமல்ல, ஓராண்டு வருமான இழப்பும்கூட.

2020 மே 18 முதல் தமிழக அரசு அலுவலகங்கள் 50 விழுக்காடு பணியாளர்களுடன் வாரத்துக்கு 6 நாள் இயங்கின. ஊழியர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவு 2 நாள் வந்தால் அடுத்த 2 நாள் மற்றப் பிரிவு வந்தது. மேசைகளை நகர்த்த இடமில்லாத பழைய கட்டடங்களில் இடைவெளியை உண்டாக்க இருந்த ஒரே வழி ஆளைக் குறைப்பதுதான். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகங்களில் நடந்த குறைதீர் கூட்டம் நிறுத்தப்பட்டு, பல இடங்களில் மனுக்களை வாசலில் வைத்த பெட்டியில் போடும் முறை வந்தது. அலுவலர்களுக்கு அது பாதுகாப்பு. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வந்தவருக்கோ, அலுவலரின் முகம் பார்த்து வாய்விட்டுச் சொல்லக் கிடைத்த ஒரே வாய்ப்பு பறிபோனது.

தொற்று அதிகரித்ததால் ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஊராட்சி ஒன்றியங்கள் ஆகியவற்றில் மீண்டும் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டு ஜூலை நடுப்பகுதி வரை நீண்டது. மொத்தக் காய்கறிச் சந்தை இருந்த பரவை தனியாகப் பெயர் குறிப்பிடப்பட்டதில் வியப்பில்லை. சுமை தூக்குபவர், கமிஷன் கடைக்காரர், லாரி ஓட்டுநர் என ஒருவரை ஒருவர் உரசாமல் நடக்கும் வேலை சந்தையில் இல்லை.

திரைக்கு மாறிய நீதிமன்றம்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24இல் தொடங்கப்பட்டது. வழக்குக்காகத் தென்மாவட்ட மக்கள் சென்னை வரை போய்வர வேண்டியிருந்த தொல்லையை நீக்கவே யானைமலையின் அருகில் அது கட்டப்பட்டது. 16 ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றக் கூடங்கள் காலியாயின. 2020 ஏப்ரல் 6இல் உச்ச நீதிமன்றம் காணொலி விசாரணைக்கு வழிசெய்து உத்தரவிட்டது. மே மாதத்தில் கறுப்புக் கோட்டும் அங்கியும் தற்காலிகமாகத் தேவையில்லை என்றானது. நூற்றாண்டுக்கு மேலாக வெயிலிலும் விடாத உடை அது. நோய்தான் அதைச் சிறிது காலம் கழற்றியது.

காணொலி நீதிமன்றத்தின் வலிமை, மதுரையில் முழு ஊரடங்கு தொடங்கிய ஜூன் 24ஆம் நாளிலேயே தெரிந்தது. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைப்பேசிக் கடையைத் திறந்துவைத்ததாகக் கூறி ஜூன் 19இல் கைது செய்யப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பெனிக்ஸும் காவலில் துன்புறுத்தப்பட்டு இறந்தனர். நீதிபதிகள் பி. என். பிரகாஷ், பி. புகழேந்தி அடங்கிய அமர்வு அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சில நாட்களில் அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டது. கூடம் பூட்டியிருந்தாலும் நீதிமன்றம் பூட்டப்படவில்லை. ஒரு கடையைச் சற்று நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தது உயிரையே பறிக்கும் குற்றமானதும் அதே ஊரடங்கின் வரலாறுதான்.

திரைவழி விசாரணை எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவவில்லை. நல்ல இணைப்பும் தனி அறையும் உள்ள மூத்த வழக்கறிஞர்கள் எளிதில் பழகினர். நீதிமன்ற வளாகத்தில் நின்று வேலை பிடிக்கும் இளையோரும், கட்டுகளைச் சுமந்து திரியும் குமாஸ்தாக்களும், தட்டச்சு, நகல் கடைக்காரர்களும் வளாகம் மூடியதும் பிழைப்பை இழந்தனர். பின்னர் நேரடி விசாரணை திரும்பிய போதும் காணொலி முழுவதும் மறையவில்லை.

வடபழஞ்சிக் கட்டடம்

தொலைவிலிருந்து வேலை செய்வது மதுரைக்கு முற்றிலும் புதியதன்று. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதலே கிராமப்புறங்களில் பார்வை மையங்களை அமைத்தது. அங்குள்ள பணியாளர் நோயாளியைச் சோதிக்க, தலைமை மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் காணொலியில் பேசி ஆலோசனை தருவார். தேனிப் பகுதி மையங்களுக்கு நெடுந்தூர வைஃபை இணைப்பை அமைத்ததில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குப் பங்கு உண்டு. அங்கே தொழில்நுட்பம், நோயாளி நகரத்துக்கு அலைவதைக் குறைக்க வந்தது. 2020இல் அதே வகைத் தொழில்நுட்பம் ஊழியரை வீட்டுக்கு அனுப்ப உதவியது.

தகவல் தொழில்நுட்பத் துறைக்கு முட்டுக்கட்டையாக இருந்தவை விதிகளே. அழைப்பு மையங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய வைப்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் கடுமையான நிபந்தனைகள் இருந்தன. 2020 மார்ச்சில் அவை தளர்த்தப்பட்டு, நவம்பர் 5இல் பெருமளவு நீக்கப்பட்டன. மதுரையில் எல்காட் நிறுவனம் அமைத்த இலந்தைக்குளம், வடபழஞ்சி வளாகங்கள் இரண்டும் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள். வரிச்சலுகையோடு வாங்கிய கணினியை மண்டல எல்லைக்கு வெளியே கொண்டுபோவதே ஒரு காலத்தில் அனுமதிக்குரிய விஷயம். 2022 ஜூலையில் சேர்க்கப்பட்ட 43ஏ விதி, 50 விழுக்காடு ஊழியர்கள் வரை ஓராண்டு வீட்டிலிருந்து பணிபுரிய இடமளித்தது; பின்னர் அதுவும் தளர்ந்தது. சட்டத்தின் பார்வையில் அலுவலகம் என்பது வேலி போட்ட நிலம் என்ற கருத்து அப்போதுதான் முதன்முறையாக நெகிழ்ந்தது.

மதுரைக்கு மேற்கே காமராசர் பல்கலைக்கழகத்துக்கு அருகில் அமைந்த வடபழஞ்சி வளாகத்தின் பரப்பு சுமார் 245 ஏக்கர். அங்கு எழுப்பிய கட்டடத்துக்கு நிறுவனங்கள் பல ஆண்டுகள் வரவில்லை. 2021இல் இரண்டாம் அலை வந்தபோது, தோப்பூரில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் தற்காலிகமாக அமைக்கப்பட்ட அதே காலத்தில், வடபழஞ்சிக் கட்டடம் கோவிட் சிகிச்சை மையமாக்கப்பட்டது. மேசைகளுக்காகக் கட்டிய தளத்தில் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன. தடுப்புச் சுவர் இல்லாத பெரிய கூடம் அலுவலகத்துக்கு மட்டுமல்லாமல் வார்டுக்கும் பொருந்தும் என்பதை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. நோய் தணிந்த பின் 2022இல் பினாக்கிள் இன்ஃபோடெக் நிறுவனம் அங்கு வந்தது. மேற்கு வங்கத்தின் துர்காபூரிலிருந்து வளர்ந்த இந்த நிறுவனத்தின் தொழில், கட்டப்படவிருக்கும் கட்டடங்களின் மாதிரியைக் கணினியில் உருவாக்குவது.

பெருநகர வாடகையும், ஊருக்குத் திரும்பிய இளைஞர்கள் மீண்டும் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் கிளம்பத் தயங்கியதும் சிறு நகரங்களின் பக்கம் நிறுவனங்களைத் திருப்பின. எச்.சி.எல். நிறுவனம் இலந்தைக்குளத்தில் முன்னரே இயங்கிவந்தது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்திய சோஹோ, தொற்றுக்குப் பின் சிறு ஊர் அலுவலகங்களை விரிவுபடுத்தியது. 2024 பிப்ரவரியில் விழுப்புரத்தில் சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டது. மதுரை மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால் வீட்டிலிருந்து வேலை என்பது எல்லார் வீட்டிலும் ஒன்றல்ல. திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்து இரண்டறை வீட்டில் தம்பியின் இணைய வகுப்பும் அக்காவின் அலுவலகக் கூட்டமும் ஒரே நேரத்தில் நடந்தன. சிக்னலுக்காக மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். பெண் ஊழியருக்கு அடுப்படியும் அலுவலகமும் ஒரே கூரைக்குள் வந்ததால் இரண்டில் எதற்கும் விடுப்பு இல்லாமல் போயிற்று. அலுவலக வாடகையில் நிறுவனம் மிச்சம் பிடித்த இடத்தை ஊழியரின் குடும்பம் ஈடுகட்டியது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

கடையில் ஒரு நாற்காலி

2020 ஜூன் 1 முதல் பெரிய ஜவுளி, நகைக் கடைகள் 50 விழுக்காடு ஊழியர்களுடன், ஒரே நேரத்தில் 5 வாடிக்கையாளருக்கு மிகாமல், குளிர்சாதனத்தை இயக்காமல் திறக்க அனுமதிக்கப்பட்டன. விளக்குத்தூண் பகுதியிலும் நகரின் பெரிய கடைகளிலும் வாசலில் வட்டம் வரைந்து, கிருமிநாசினி வைத்து, முகக்கவசத்துடன் வியாபாரம் நடந்தது. கட்டுப்பாடுகள் நீங்கியதும் வட்டங்கள் அழிந்தன, ஏசி திரும்பியது, கூட்டமும் திரும்பியது. கடையின் காற்றோட்டத்தைப் பற்றிய பேச்சு நின்றுபோனது.

நிலைத்த மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்வது விற்பனைப் பெண்களின் நெடுநாள் வேதனை. தொற்றுக்கு முன்பே, 2018இல், கேரளம் இதற்குச் சட்டம் கொண்டுவந்திருந்தது. தமிழகச் சட்டப்பேரவையில் 2021 செப்டம்பர் 6இல் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வி. கணேசன் அறிமுகப்படுத்திய மசோதா, 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. கடையின் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார இடமிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாற்காலி கடைக்குள் வந்துவிட்டாலும், வாடிக்கையாளர் படியேறும் நேரத்தில் அதில் உட்கார்ந்திருக்க முதலாளியும் மேற்பார்வையாளரும் விடுகிறார்களா என்பது கடைக்குக் கடை வேறுபடுகிறது.