இலவசக் கலப்பையும் முடிச்சுப் போட்ட கயிறும்

சென்னையில இருக்கறவங்க தினமும் சைதாப்பேட்டையைத் தாண்டித்தான் வேலைக்குப் போறீங்க. அங்கே ஒரு காலத்தில் 350 ஏக்கரில் அரசாங்கப் பண்ணை ஒன்று இருந்தது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. 1865ல் தொடங்கியது. அன்றைய கவர்னர் வில்லியம் டெனிசன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கருவிகளை வரவழைத்தார். நீராவிக் கலப்பை, விதைக்கும் கருவி, குதிரை இழுக்கும் களைவெட்டி, கதிரடிக்கும் எந்திரம், தீவனம் நறுக்கும் கருவி என்று பெரிய பட்டியல். இதையெல்லாம் இங்கே ஓட்டிக் காட்டினால் குடியானவன் பார்த்துக் கற்றுக்கொள்வான் என்பது ஏற்பாடு.

நீராவிக் கலப்பை எப்படி உழும் தெரியுங்களா? ரயில் எஞ்சின் மாதிரி ஒன்றை வயல் ஓரத்தில் நிறுத்தி, கம்பிவடத்தால் கலப்பையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுப்பார்கள். எஞ்சின் டன் கணக்கில் கனம். வரப்பு வரப்பாகத் துண்டுபட்டுக் கிடக்கும் நம்ம நெல் வயலில் அதை எங்கே கொண்டு நிறுத்துவது? எங்க பக்கத்து ஊர் எதிலாவது நீராவிக் கலப்பை உழுதது என்று பாட்டன் பூட்டன் கதையில்கூட நான் கேட்டதில்லை.

இரும்புக் கலப்பையின் கதை கொஞ்சம் வேறே. அது நல்லாவே உழும். ஆழமாகப் போய் மண்ணைப் புரட்டிப் போடும். ஆனால் மானாவாரி நிலத்தில் அடி ஈரத்தை மேலே கொண்டுவந்து வெயிலுக்குக் காட்டினால் விதைப்புக்கு ஈரம் ஏது? நாட்டுக் கலப்பை கீறிவிட்டுப் போகும், புரட்டாது. நம்ம மாட்டுக்கு இழுக்கத் தோதான கனம். வேலை முடிந்தால் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். கொழு தேய்ந்தால் கொல்லன் பட்டறையில் அரை மணி நேரத்தில் காய்ச்சி அடித்துத் தருவார். சீமை வார்ப்பிரும்பு அப்படியில்லை. விண்டால் விண்டதுதான், உலையில் போட்டுத் தட்டி ஒட்டவைக்க முடியாது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சங்கதி விதைக்கும் கருவிதான். டெனிசன் அதைக் கப்பலில் இறக்குவதற்கு ஏறத்தாழ 70 வருசம் முன்னாடியே, 1790களில், தாமஸ் ஹால்காட் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி தெலுங்குச் சீமையில் குடியானவர்கள் வரிசை பிடித்து விதைப்பதைப் பார்த்து அசந்துபோய் எழுதியிருக்கிறார். அதுவரைக்கும் விதைக்கலப்பை ஐரோப்பாவின் புதுக் கண்டுபிடிப்பு என்றுதான் அவர் நினைத்திருந்தார். தெலுங்கில் அதற்குப் பெயர் கொர்ரு. மேலே ஒரு மரக்கிண்ணம், அதிலிருந்து மூங்கில் குழாய்கள், குழாய்க்கு ஒரு பல். கூடவே நடக்கிறவர் கையால் விதையை விட்டுக்கொண்டே போனால் நூல் பிடித்த மாதிரி விழும். ஒரே மாகாணத்தில் இருந்த பொருளைத்தான் கடல் தாண்டிப் போய் வாங்கி வந்திருக்கிறார்கள்.

1889ல் ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்ற வேளாண் வேதியியலாளரை நம்ம விவசாயத்தைச் சீர்திருத்த யோசனை சொல்லச் சொல்லி அனுப்பினார்கள். ஊர் ஊராகச் சுற்றி 1893ல் அறிக்கை வெளியிட்டார். நல்ல இந்தியக் குடியானவன் சராசரி ஆங்கில விவசாயிக்குச் சளைத்தவனில்லை, இருக்கிற நிலைமையில் கருவியை மாற்றிப் பெரிசாக எதுவும் சாதிக்க இடமில்லை என்பது அவர் கருத்து.

இதை வைத்து, நம்மாளு புதுசு எதையும் தொடமாட்டான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1870களில் பிகாரில் பிஹியா என்ற ஊரில் தாம்சன், மில்ன் என்ற இரண்டு வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இரும்பு உருளை வைத்த கரும்பு ஆலை செய்தார்கள். மாடு சுற்றினால் போதும். அதை வாடகைக்கு விட்டார்கள். ஜனங்கள் காசு கொடுத்து எடுத்து ஓட்டினார்கள். மரச்செக்கையும் கல் ஆலையையும் ஓரங்கட்டிவிட்டு அது வேகமாகப் பரவியது. சும்மா கொடுத்தது துருப்பிடித்தது, வாடகைக்கு விட்டது ஓடியது. வாடகைக்கு விடுகிறவனுக்கு, ரிப்பேரானால் வருமானம் நின்றுபோகும் என்ற கவலை இருக்குமில்லீங்களா?

எங்க காலத்துக்கு வருகிறேன். மடகாஸ்கரில் லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980களில் உருவாக்கிய ஒற்றை நாற்று நடவு 2000க்குப் பிறகு தமிழ்நாட்டில் பரவியது. இங்கே செம்மை நெல் சாகுபடி என்கிறோம். 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து, ரெண்டு பக்கமும் சதுரமாக. அப்போதுதான் களையெடுக்கும் கருவியைக் குறுக்கும் நெடுக்கும் தள்ள முடியும். வரிசை கோணினால் களையோடு பயிரும் போச்சு.

இதற்காகத் திட்டத்தில் எங்க ஊருக்குக் கோடு போடும் சட்டமும் கோனோ வீடரும் வந்தன. கோனோ வீடர் என்பது பல் வைத்த ரெண்டு கூம்பு உருளை, நீளமான கைப்பிடி. சட்டம் சேற்றில் பாதி தூரம் கோடு போடும், மீதி தூரம் சேற்றை வாரிக்கொண்டு வரும். வீடர் நல்ல கனம். கைப்பிடி ஆம்பளை உயரத்துக்கு. எங்க பக்கம் களையெடுக்கிறது முழுக்கப் பொம்பளைங்க. நெஞ்சுக்கு நேரே கைப்பிடி இடிக்க ஒரு வயல் தள்ளிவிட்டு வந்த ஒரு பெரியம்மா கேட்டாங்க: "ஏனுங்க, இதைச் செஞ்சவரு வீட்டுல பொம்பளைங்களே இல்லீங்களா?"

எங்க பட்டறை ஆசாரி கைப்பிடியை அறுத்து, ரெண்டு இடத்தில் ஓட்டை போட்டு, உயரத்தை ஏற்றி இறக்குகிற மாதிரி போல்ட் வைத்தார். பிடிக்குப் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றினோம், கை கொப்புளிக்கிறது குறைந்தது. அதற்கப்புறம்தான் அது வயலுக்கே போனது.

கோடு போடும் சட்டத்தை விட்டுவிட்டோம். கயிறுதான். ரெண்டு மூங்கில் முளைக்கு நடுவில் கயிற்றை இழுத்துக் கட்டி, 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு, முடிச்சில் சிவப்புத் துணிக் கிழிசல். முடிச்சுக்கு நேரே ஒரு நாற்று. ஒரு வரிசை முடிந்ததும் ரெண்டு கோடியிலும் அளவுக்குச்சியை வைத்துக் கயிற்றை நகர்த்தணும். குச்சியும் அதே நீளம். இந்தக் குச்சி இல்லாமல் கண்ணளவில் நகர்த்தினால் பத்தாவது வரிசையில் வயல் விசிறி மாதிரி விரிந்து நிற்கும்.

போன வாரம் ரெண்டு பேர் அளவு கேட்டிருந்தீங்க. மாடித்தோட்டத்துக்கும் இதே கயிறு போதும், கீரைப் பாத்தி அழகா வரும். தேங்காய்நார்க் கயிறு வேண்டாம், நனைந்தால் சுருங்கி அளவு மாறும். பிளாஸ்டிக் கயிறு எடுங்க. முடிச்சு போடுகிற இடத்தில் கயிறு உள்வாங்கும், அதனால முதலில் மையால் குறி போட்டுவிட்டு முடிச்சு போடக்கூடாது. ஒரு முடிச்சு போட்டு இறுக்கி, அதிலிருந்து குச்சியால் அளந்து அடுத்ததைப் போடணும்.