மதுரையில் நடந்த இருபது நாள் வாதம்

1607ஆம் ஆண்டு வாக்கில் மதுரையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் இத்தாலியப் பாதிரியார் ஒருவரும் இருபது நாள் உட்கார்ந்து வாதம் செய்தார்கள். நாளுக்கு நான்கைந்து மணி நேரம். கடவுள் ஒருவரா பலரா, உலகம் எப்படி உண்டாயிற்று, செத்தபின் உயிர் எங்கே போகிறது, அது மறுபடி பிறக்குமா என்று பேச்சு நீண்டது. முடிவில் வாத்தியார் ஞானஸ்நானம் பெற்று ஆல்பர்ட் ஆனார். பாதிரியாரின் பெயர் ராபர்ட் தெ நோபிலி. தமிழர்கள் அவரைத் தத்துவபோதகர் என்றார்கள்.

இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பது அதற்கு முந்தைய கதை தெரிந்தால்தான் விளங்கும். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் 1595 முதலே மதுரையில் இருந்தார். பள்ளிக்கூடம் நடத்தினார், நோயாளிகளைக் கவனித்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வியாபாரத்துக்கு வந்துபோன பரதவர்கள் அவருடைய கோயிலுக்கு வந்தார்கள். அவர்கள் 1530களிலேயே கிறிஸ்தவர்கள். மதுரைக்காரர்களோ எட்டிப் பார்க்கவில்லை. மாட்டிறைச்சி தின்று, மது குடிக்கும் பரங்கியின் மார்க்கம் அது என்பதே ஊரின் எண்ணம். போதாக்குறைக்கு, மதம் மாற வந்தவரிடம் “பரங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா?” என்று கேட்பதே வழக்கமாக இருந்தது. அப்படிக் கேட்டால் யார் வருவார்கள்?

1606 நவம்பரில் வந்த நோபிலி இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார், காலில் பாதக்குறடு போட்டார். பிராமணச் சமையற்காரர் ஆக்கிய சோறும் காய்கறியும் ஒருவேளை உணவு. தமிழோடு தெலுங்கும் படித்தார். சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணர் அவருக்குச் சமஸ்கிருதம் கற்பித்தார்.

உடையை மாற்றினால் ஆள் வருவான். மனம் மாறுவது வேறு சங்கதி. இயேசு இறந்த மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று சொன்னால் மதுரைக்காரர் மலைத்துப் போயிருக்க மாட்டார். மயிலாப்பூரில் பூம்பாவையின் எலும்பைப் பெண்ணாக்கிய சம்பந்தரை அவருக்குத் தெரியும். பாம்பு தீண்டி இறந்த அப்பூதியடிகளின் மகனை அப்பர் எழுப்பியதும் தெரியும். அந்தச் சம்பந்தர் சமணரோடு அனல்வாதமும் புனல்வாதமும் செய்ததாகப் பெரியபுராணம் சொல்லும் ஊரே மதுரைதான்! வாதம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. செத்தவர் எழுவதும் புதிதல்ல. புதிது வேறொன்று. பிறவி ஒன்றே, சாவும் ஒன்றே, கடைசி நாளில் எல்லா மனிதரும் அவரவர் உடலோடு எழுவார்கள் என்ற போதனை. வினைக்கேற்பப் பிறந்து பிறந்து, பிறவி அறுவதே வீடுபேறு என்று நம்பியவருக்கு அதே உடல் திரும்பி வருவது எப்படிப் பேறாகும்? முடிச்சு இங்கேதான் விழுந்தது. நோபிலி அதைச் சுற்றிப்போகாமல் நேரே கைவைத்தார். மறுபிறவிக் கொள்கையை மறுப்பதற்கென்றே ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்று தமிழ் உரைநடையில் தனி நூல் எழுதினார். எதிராளியின் கொள்கையை மதித்துப் படித்தவனால்தான் அப்படி நூல் எழுத முடியும்.

ஆனால் அவர் விட்டுவைத்த ஒன்று இன்றும் உறுத்துகிறது. பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்கள்தாம், வைத்துக்கொள்ளலாம் என்ற அவர் வாதத்தை 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி ஏற்றார். சாதியும் கூடவே உள்ளே வந்தது. பரதவருக்கு ஒரு கோயில், மேல்சாதியாருக்கு ஒரு கோயில். எல்லா உடலும் எழும் என்று போதித்தவர்கள் உயிரோடிருந்த உடல்களைப் பிரித்து வைத்தார்கள். 1640இல் பல்தசார் தா கோஸ்தா என்ற பாதிரியார் பண்டாரசாமியாக, அதாவது பிராமணரல்லாத துறவி வேடத்தில், புறப்பட்டு மற்றச் சாதியாரிடம் போனது பாதி மருந்துதான், பிரிவினை தீரவில்லை. ஆனால் மதுரை மிஷன் கிராமங்களில் வேர்விட்டது பண்டாரசாமிகளால்தான்.

அந்தப் பாதையில் வந்தவர் அருளானந்தர் என்கிற ஜான் தெ பிரிட்டோ. மறவர் நாட்டில் தடியத்தேவர் என்ற இளவரசர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அந்நாட்டு மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். விளைவு, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது. அங்கே இன்றும் திரளும் கூட்டம் செம்மண்ணை அள்ளி முடிந்துகொண்டு போகிறது.

பின்னாளில், 1834இல், யாழ்ப்பாணத்திலிருந்து புராட்டஸ்டண்டு அமெரிக்க மிஷனும் மதுரைக்கு வந்தது. பசுமலையில் தொடங்கி வளர்ந்த அமெரிக்கன் கல்லூரி அதன் கொடை. கத்தோலிக்க ஊர்களிலோ வாதத்தின் இடத்தைப் பாஸ்கா நாடகம் பிடித்துக்கொண்டது. மானாமதுரைப் பக்கம் 1894இல் கட்டிமுடித்த திரு இருதய ஆலயம் நிற்கும் இடைக்காட்டூரிலும் அது நடக்கிறது. பாடுகளில் தொடங்கி உயிர்ப்பில் முடியும் அந்தக் கதையை ஊர் மக்களே வேடம் கட்டி நடிக்கிறார்கள்.

நோபிலி 1656இல் மயிலாப்பூரில் இறந்தார். அவருடைய தமிழ் நூல்களை ச. இராசமாணிக்கம் அடிகளார் 1960களில் பதிப்பித்தார், தூத்துக்குடி தமிழ் இலக்கியக் கழகம் வெளியிட்டது. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, சைவ சித்தாந்தம் கற்றவர்களும் ‘புனர்ஜென்ம ஆக்ஷேபத்தை’ எடுத்துப் படிக்க வேண்டும். படித்துவிட்டு மறுப்பும் எழுத வேண்டும்.