மூன்றரை டன்னுக்குள் ஒரு வீடு

1947 ஏப்ரல் 23 அன்று டச்சு கார் இறக்குமதியாளர் பென் பான் தம் குறிப்பேட்டில் ஒரு வேனைக் கிறுக்கினார். முன்னால் ஓட்டுநர், பின்னால் எஞ்சின், நடுவில் சரக்கு. படத்திலேயே 750 கிலோ என்று எடைக்கணக்கும் இருந்தது.

அதிலிருந்து பிறந்த ஃபோக்ஸ்வேகன் வேன் 1950 மார்ச்சில் உற்பத்திக்கு வந்தது. எஞ்சினுக்கு 25 குதிரைசக்திதான். ஆனால் சரக்கு இரண்டு அச்சுகளுக்கும் நடுவே அமர்ந்ததால், பாரம் ஒரு முனையில் குவியவில்லை. அந்த எளிய அமைப்பின் அருமை இன்றும் வியக்கவைக்கிறது. மறு ஆண்டே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் கழற்றி மாட்டக்கூடிய ‘கேம்பிங் பாக்ஸ்’ தயாரித்தது. வார நாளில் சரக்கு வண்டி, விடுமுறையில் வீடு!

பிறகு வசதிகள் பெருகின. ஃபிரிட்ஜ், கழிப்பறை, நிழற்கூரை, சோலார் பலகை, கூடவே தண்ணீர்த் தொட்டி. நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சட்டமும் இறுகியது. பிரிட்டனில் 1997 தொடக்கத்துக்கு முன்பும், ஜெர்மனியில் 1999 தொடக்கத்துக்கு முன்பும் கார் உரிமம் பெற்றவர்கள் சுமையோடு சேர்த்து 7.5 டன் வரையுள்ள வண்டிகளை ஓட்டலாம். பின்னால் வந்தவர்களுக்கு மூன்றரை டன்தான் எல்லை. அதனால் கேம்பர் எனப்படும் இந்த வீட்டு வண்டிகளில் பெரியவையும் அந்த எல்லைக்குள் பதிவாகின்றன. குடும்பமும் சைக்கிள்களும் ஏறியதும் மிச்சமிருக்கும் எடை வரம்பு தீர்ந்துவிடுகிறது.

பாரம் மிகுந்தால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், டயர் சூடேறி வெடிக்கலாம். பயணத்துக்கு முன் முழுச் சுமையுடன் எடைமேடையில் ஏற்றி, ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள்.